சின்ன நாயும் நிறைந்த வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் ஒவ்வொரு பேருந்திலும் பைகளோடும் பிள்ளைகளோடும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எல்லாரும் சுற்றுலா வருகிறவர்கள் இல்லை. பாட்டி வீட்டுக்கு, அக்கா வீட்டுக்கு, பெரியப்பா வீட்டுக்கு என்று வருகிறவர்களும் நிறைய. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஹெத்தையம்மன் பண்டிகை, அப்புறம் பொங்கல் என்று தை பிறக்கும்வரை நீலகிரியில் வீடுகள் நிறைந்தே இருக்கும். இரண்டு பெரியவர்கள் மட்டும் இருந்த வீட்டில் திடீரென்று பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு குட்டி நாயும் இருக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். மலையில் பனிக்காலம் தொடங்கினால் எங்கள் மருத்துவமனைக்கு வரும் நாய்களில் பெரும்பாலானவை சின்ன இனங்களாக இருக்கும். பொமரேனியன், டேஷண்ட், பக், ஷிட்ஸு, இல்லையென்றால் இவை கலந்து பிறந்த ஏதாவது ஒரு குட்டி. வீட்டுக்காரர்கள் சொல்லும் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். "விருந்தாளி வந்திருந்தாங்க டாக்டர், யாரும் கவனிக்கலை, சின்னதுதானேன்னு விட்டுட்டோம்." இந்தச் 'சின்னதுதானே' என்ற எண்ணத்தை உங்கள் மனதிலிருந்து எடுத்துவிட்டுப் போக முடிந்தால் இந்தப் பனிக்காலத்தில் எனக்கு அதுவே போதும்.

முதலில் சேட்டையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு டேஷண்ட் இருக்கிறது. கறுப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு, தரையை உரசும் வயிறு. சென்னையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்து இறங்கியதும் அதற்குத் தலைகால் புரியாது. பைகளின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், உள்ளே மூக்கை நுழைத்து ஒரு காலுறையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். துவைத்த காலுறையைத் தொடாது, போட்டுக் கழற்றியதுதான் வேண்டும். அடுத்து மச்சானின் மஃப்ளர். அதைக் கட்டிலடியில் இழுத்துப் போட்டு, முன்னங்காலால் பரபரவென்று பறண்டி, குழி மாதிரி செய்து, அதற்குள் சுருண்டுகொள்ளும். ராத்திரி பிள்ளைகள் கம்பளிக்குள் புகுந்தால் அதுவும் கால்மாட்டில் நுழைந்து தலைமாடு வரை சுரங்கம் போட்டுக்கொண்டு வரும். பிள்ளைகள் கத்திச் சிரிக்கிற சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பாட்டிகூட எழுந்துவிடுவார். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் அதற்கு அது வேலைதான். ஜெர்மனியில் வளைக்கரடி என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே போய்த் துரத்துவதற்காக வளர்த்தெடுத்த இனம் டேஷண்ட். குட்டைக் கால், நீண்ட உடம்பு, தோண்டுகிற பழக்கம் எல்லாம் அதற்காக வந்தவை. கம்பளி கிடைத்தால் அது தோண்டத்தான் செய்யும். காலுறையைத் திருடுவதும் நம்மைச் சீண்டுவதற்காக இல்லை. புதிதாக வந்த ஆளின் வாசனை அதில் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. வீடு நிறைய ஆள் வந்ததும் அது படுக்கும் இடத்தில் பெட்டி வைத்திருப்போம், சாப்பாட்டு நேரம் மாறியிருக்கும், காலை நடை நின்றிருக்கும். தன் இடம் எது என்று தெரியாத நாய் வீடு முழுக்க ஓடும், குரைக்கும், கடித்துக் கிழிக்கும். அதைச் சேட்டை என்கிறோம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லாதது. விருந்தாளி வருவதற்கு முன்பே ஓர் அறையின் மூலையை நாய்க்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதன் பழைய விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு பொருள் அங்கே இருக்கட்டும். அந்த மூலைக்குள் பிள்ளைகள் போகக்கூடாது. அப்புறம், வீட்டில் ஒரே ஒரு ஆளிடம் நாயின் பொறுப்பைக் கொடுங்கள். சாப்பாடு, நடை, ராத்திரி வெளியே கூட்டிப்போவது எல்லாம் அந்த ஒருவர் கையில். எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாருமே பார்ப்பதில்லை. அல்லது நான்கு பேர் நான்கு தடவை சோறு போட்டிருப்பார்கள்.

சாப்பாடு என்றதும், எனக்கு மிகவும் கவலை தருவதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊட்டி சாக்லேட் இல்லாமல் இந்த மலையில் விருந்து இல்லை. வருகிறவர்கள் வாங்குவார்கள், போகிறவர்களுக்குக் கொடுத்தனுப்புவோம். பொட்டலம் பொட்டலமாகத் தாழ்வான டீப்பாயின் மேல் கிடக்கும். சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. நம் உடல் அதைச் சீக்கிரம் கழித்துவிடும். நாயின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு, படபடப்பு தொடங்கலாம். இன்னும் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும்.

இப்போது கணக்குப் பாருங்கள். கறுப்புச் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். பால் சாக்லேட்டில் அதில் பாதிக்கும் குறைவு. 30 கிலோ லேப்ரடார் 20 கிராம் கறுப்புச் சாக்லேட் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே 20 கிராம் 5 கிலோ பொமரேனியனுக்கு நஞ்சு. பிள்ளை தன் பங்கில் இரண்டு மூன்று துண்டுகளைப் பாசத்தோடு ஊட்டிவிட்டாலே அந்த அளவு வந்துவிடும். உடம்பு சின்னதாக இருப்பதுதான் இங்கே ஆபத்து.

உலர் திராட்சை போட்ட சாக்லேட்டும், கிறிஸ்துமஸ் பிளம் கேக்கும், சர்க்கரைப் பொங்கலும் இன்னொரு வகையில் ஆபத்து. திராட்சை, அதிலும் உலர் திராட்சை, சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கி பரவாயில்லையா என்று கேட்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அது மைதாவும் கொழுப்பும். ஒரு சின்ன விள்ளல் உதிர்ந்து விழுந்து நக்கியதால் குடி முழுகிவிடாது. ஒரு பொட்டலத்தை இழுத்துப்போய்த் தின்றுவிட்டால் கணையம் வீங்கி, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு வலியில் படுத்துவிடும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சில சூயிங்கம்களில் சைலிட்டால் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். விருந்தாளிகளின் கைப்பைகள் தரையில் இருக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வேகவைத்த கோழி எலும்பு, மென்று துப்பிய கரும்புச் சக்கை, இவற்றையும் அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள்.

நாய் எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பலரும் நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள், உப்பே நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த நான்கும் எங்களுக்குத் தெரிந்தால் போதும். பொட்டலத்தின் உறையையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் நாங்களே மருந்து கொடுத்து வெளியே எடுத்துவிட முடியும்.

அடுத்தது பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தடவை நாயைப் பார்க்கிற பிள்ளைக்கு அதை விட்டுப் பிரிய மனம் வராது. தூக்கும், கட்டிப்பிடிக்கும், முகத்தோடு முகம் வைக்கும். நாய்க்கு இது பிடிக்கவில்லை என்பதை அது முதலில் வாயால் சொல்லாது. உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். உடம்பு விறைத்து நிற்கும். இதையெல்லாம் நாம் கவனிக்காதபோதுதான் உறுமும். பெரிய நாய் உறுமினால் பிள்ளையை வாரி எடுத்துக்கொள்கிறோம். பொமரேனியன் உறுமினால் எல்லாரும் சிரிக்கிறார்கள், இன்னொரு தடவை உறுமச் சொல்லிக் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். உறுமினதற்காக நாயை அடிக்கவும் கூடாது. அடித்தால் அது அடுத்த தடவை உறுமாமல் நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். கடி விழும் இடம் பெரும்பாலும் பிள்ளையின் முகம், ஏனென்றால் அதுதான் கிட்டே இருக்கிறது.

கடித்துவிட்டால், அல்லது பல் கீறி ரத்தம் வந்தாலும், உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஊசி இலவசம். நம்ம வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று நாமே முடிவு செய்யக்கூடாது, மருத்துவர் சொல்லட்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நம் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல் தொடங்கியதே இதற்காகத்தான். அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் சிகிச்சைக்கு இமயமலை அடிவாரப் பக்கம் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். இப்படி ஒரு நிறுவனம் இருக்கிற ஊரில் நாய்க்கு வருடாந்திரத் தடுப்பூசி போடாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. விருந்தாளிகள் வருவதற்கு முன் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இனி குளிர். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்க விருந்தாளிகள் நாயையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். குட்டைக்கால் நாயின் வயிறு பனிப்புல்லில் நனைந்துகொண்டே வரும். சமவெளியிலிருந்து வந்த குட்டை முடி நாய்க்கு ஸ்வெட்டர் வேண்டும், திரும்பியதும் வயிறும் விரலிடுக்கும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடவெடவென்று நடுங்கியது நின்று, சோர்ந்து தூங்க ஆரம்பித்தால் சூடு பிடித்துவிட்டது என்று எண்ணாதீர்கள், உடல் வெப்பம் இறங்கியிருக்கலாம். கம்பளியில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி, பக்கத்தில் நாயைப் படுக்கவைத்துத் தூங்குவது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. இந்த மலையில் மனிதர்களே அப்படி உயிரை விட்டிருக்கிறார்கள்.

ராத்திரி கடைசியாகச் சிறுநீர் கழிக்கக் கதவைத் திறந்துவிட்டு, "போய்ட்டு வா" என்று அனுப்பும் பழக்கம் நகரத்து வீடுகளுக்குச் சரி. இங்கே தேயிலைத் தோட்டம் கொல்லையிலேயே தொடங்குகிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எல்லா இடங்களிலும் வீட்டு வாசலுக்கு வந்து சிறுத்தை நாயைத் தூக்கிப்போவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நாய்க்குக் கழுத்துப் பட்டையும் கயிறும் போட்டு, கையில் டார்ச்சோடு, ஒரு பெரியவர் கூடப் போக வேண்டும். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விருந்தாளிகளுக்கு இது தெரியாது. வந்த அன்று ராத்திரியே வீட்டுக்காரர்கள் சொல்லிவிட வேண்டும்.

நாயோடு வந்தவர்கள் இறங்கிப் போகும்போது ஒன்று. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறு வளைவுகளில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், கொஞ்சம் தண்ணீர் போதும். மடியில் வைக்காமல் கூண்டில் வைத்தால் வளைவில் உருளாது. பர்லியாற்றில் டீ குடிக்க நிறுத்தினால் கயிறில்லாமல் இறக்கக்கூடாது, குரங்குகள் கூட்டமாக நிற்கும். ரயிலில் கூட்டிப்போக நினைப்பவர்கள் முதல் வகுப்பில் இருவர் கூபேயையோ நால்வர் அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். தடுப்பூசிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

எல்லாரும் போன பிறகு வீட்டு நாய் ஓரிரு நாள் மந்தமாக இருக்கும். வாசலுக்கும் அறைக்கும் நடக்கும், பெட்டி வைத்திருந்த இடத்தை மோந்து பார்க்கும். பழைய நேரத்துக்குச் சாப்பாடு, பழைய பாதையில் நடை என்று கொண்டுவந்தால் சரியாகிவிடும். ஒரு முழு நாள் தாண்டியும் தட்டைத் தொடவில்லை, அல்லது வாந்தி எடுக்கிறது என்றால், பிள்ளைகளை நினைத்து ஏங்குகிறது என்று காத்திருக்காதீர்கள். காணாமல்போன காலுறை அதன் குடலில் இருக்கலாம். நாங்கள் படம் எடுத்துப் பார்த்துவிடுகிறோம், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வணக்கம்.