ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வி

மைக் கேட்கிறதா? பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், ஃபேன் இங்கேதான் சுற்றுகிறது.

நம்ம ராமநாதபுரத்தில் மனநலம் என்று பேச்செடுத்தால் ஏர்வாடியைத் தாண்ட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநலம் பாதிக்கப்பட்டவர்களில் 28 பேர் தீயில் செத்தார்கள். அப்புறம் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியையே தடை செய்தது, இப்போது ஏர்வாடி தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மாத்திரையும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர் மறுநாள் காலை எங்கே போவார்? டீக்கடையில்கூட ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது, ராமலிங்க விலாசத்துக்குப் போகட்டுமே என்றுதான். சேதுபதி அரண்மனை, தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், சுவரெல்லாம் ஓவியம்: மராட்டியரோடு போர், சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர், ராமாயணம். (பள்ளிக்கூட டூருக்கு அப்புறம் உள்ளே போனவர் இங்கே எத்தனை பேர்? சரி, கை தூக்க வேண்டாம்.)

இது என் கற்பனை இல்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2018-லேயே டாக்டர்கள் மருந்துச் சீட்டு மாதிரி அருங்காட்சியகத்துக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார்கள், கட்டணம் கிடையாது. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் எப்போதும் நோயைப் பற்றியே கேட்பார்கள், தூக்கம் வருதா, காதில் குரல் கேட்குதா என்று. படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் 'அந்தக் குதிரைக்காரன் எங்கே பார்க்கிறான்?' என்று கேட்கலாம், அதற்குத் தப்பான பதிலே கிடையாது. சங்கு குளித்துப் பழகியவர் கையில் ஒரு சங்கைக் கொடுங்கள், வலம்புரியா இடம்புரியா என்று அவர்தான் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் காப்பாட்சியருக்குப் பாடம் எடுப்பார்.

ஆனால் மனநலத் திட்டத்து நர்ஸும் காப்பாட்சியரும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டம் இல்லாத நாள் எது, எட்டுப் பேருக்கு மேல் வேண்டுமா, ஒருவர் பதறினால் எந்தத் திண்ணையில் உட்கார வைப்பது, வாட்ச்மேனுக்கு யார் சொல்லிவைப்பது. இதை விட்டுவிட்டுத் தொடக்க விழா வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கண்காட்சியில் அழகான ஒரு படகுப் படத்துக்குக் கீழே பெயரே இல்லாமல் 'மனநோயாளி வரைந்தது' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பெயர் போடலாமா என்று அவரையே கேட்டிருக்கலாம்.

ஏர்வாடியிலிருந்து வேன் வாடகை, ஆளுக்கொரு டீ, வடை, அவ்வளவுதான் செலவு. யார் தருவது என்று இப்போதே பேசிவிடலாமா?