கெர்னல் கேட்காததை ஹெட்டர் கேட்கும்

வணக்கம், நேயர்களே. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கட்டுபவர்கள், அதாவது கம்பைல் செய்பவர்கள், பெரும்பாலும் சோர்ந்துபோவது கம்பைல் ஆகும்போது அல்ல. அது நல்லபடியாக முடிந்து, பேக்கேஜை, அதாவது நிறுவும் கோப்பை, நிறுவப் போகும்போது 'டிபென்டன்சி நிறைவேறவில்லை' என்று, அதாவது அதற்குத் தேவையான வேறொன்று இல்லை என்று, திரை சொல்லும். அங்கேதான் மனம் விட்டுப்போகிறது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 வெளியீடு ஓடும் கணினியில் உபுண்டுவின் முறைப்படி கெர்னல் பேக்கேஜ்களைக் கட்டுகிறீர்கள். அவற்றை 20.04 ஓடும் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகிறீர்கள். கெர்னல் இமேஜ், அதாவது ஓடப்போகும் கெர்னல், சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிடும். ஹெட்டர் பேக்கேஜ் மட்டும் 'லிப்சி6 புதிய பதிப்பு வேண்டும்' என்று நின்றுவிடும். லிப்சி என்பது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி மொழி நூலகம். அதில் 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் இருப்பது 2.35.

ஹெட்டர் என்றால் வெறும் சி மொழிக் கோப்புகள்தானே, அதற்கு ஏன் லிப்சி? அந்தப் பேக்கேஜுக்குள் மாட்போஸ்ட், ஃபிக்ஸ்டெப் போன்ற சிறு நிரல்களும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மாட்யூல்களை, அதாவது கெர்னலோடு சேரும் துணைப் பகுதிகளை, கட்ட உதவுபவை அவை. கட்டிய கணினியின் லிப்சியோடு இணைக்கப்பட்டவை. கெர்னலோ லிப்சி எதையும் நம்பி ஓடுவதில்லை. ஆகவே உங்கள் கணினியில் என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போல, ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானே கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக வரும் மாட்யூல் எதுவும் இல்லையென்றால், ஹெட்டரை விட்டுவிட்டு இமேஜையும் மாட்யூல்களையும் மட்டும் நிறுவினாலே போதும்.

மாட்யூல் தேவை என்றால்? கட்டாயப்படுத்தி நிறுவும் விருப்பத்தை, பேக்கேஜ் கோப்பை நிறுவும் கருவியான டிபிகேஜி தருகிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அப்புறம், களஞ்சியத்திலிருந்து பேக்கேஜ்களைக் கொண்டுவந்து நிறுவும் ஏப்ட் வேறெதையும் நிறுவ மறுக்கும். நிறுவினாலும் ஹெட்டருக்குள் இருக்கும் நிரல் ஓடாது, டிகேஎம்எஸ் பாதியில் நிற்கும். லிப்சியை மட்டும் புதிய வெளியீட்டிலிருந்து பிடுங்கிவந்து போடுவது இன்னும் மோசம். கணினியில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. சரியான வழி, 20.04இலேயே கட்டுவது. தனிக் கணினி வேண்டியதில்லை. ஒரு கன்டெய்னருக்குள், அதாவது அதே கணினியில் ஒதுக்கிய தனிச் சூழலுக்குள், 20.04ஐ வைத்துக் கட்டினால் போதும்.

சில பேக்கேஜ்கள் இந்தத் தேவையை வெளியே சொல்வதே இல்லை. நிறுவல் அமைதியாக முடிந்துவிடும். மாட்யூல் கட்டும் நேரத்தில்தான் ஜிலிப்சி (அதே லிப்சிதான்) பதிப்பு கிடைக்கவில்லை என்று செய்தி வரும். என்னைக் கேட்டால், முதலிலேயே மறுக்கும் பேக்கேஜ்தான் நமக்கு நல்லது.

நிறுவும் முறையிலும் ஒன்று கவனியுங்கள். டிபிகேஜி டிபென்டன்சி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாததைத் தேடிக் கொண்டுவராது. ஏப்ட் கொண்டுவரும். ஆனால் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும். இல்லையென்றால் அதைக் களஞ்சியத்தில் இருக்கும் பேக்கேஜின் பெயர் என்று நினைத்துத் தேடும். இமேஜ், மாட்யூல், ஹெட்டர் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். அவற்றில் சில மற்றொன்றைக் கேட்பவை.

கெர்னல் மூலநிரலோடு வரும் முறையில் டெபியன் பேக்கேஜ் (உபுண்டுவும் பயன்படுத்தும் வடிவம்) கட்டினால் லினக்ஸ்-லிப்சி-டெவ் என்று ஒன்றும் சேர்ந்து வரும். புதிய கெர்னல் ஓட அது தேவையில்லை. 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் அதே பேக்கேஜ் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மோதல் வரும். அதை நிறுவாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய கெர்னலையும் நீக்க வேண்டாம். புதியது எழும்பாவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம். நன்றி, வணக்கம்.