விபத்து வழக்கு: ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் ஒரு யோசனை உண்டு: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிடுங்க சார், இன்னிக்கே முடிஞ்சிடும்." விபத்து வழக்கில் மாட்டி, லீவு போட்டு வாய்தா வாய்தாவாக அலைந்தவருக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இருக்காது. சில வழக்குகளில் அது நல்ல யோசனையும்கூட. ஆனால் எதை ஒத்துக்கொள்கிறோம் என்று தெரியாமலேயே தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் வழக்கு என்ன என்று பார்ப்போம். 2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 281-ஆம் பிரிவு, பொது வழியில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 125-ஆம் பிரிவும் சேரும். சாதாரணக் காயமென்றால் ஆறு மாதம் வரை, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமென்றால் மூன்று வருடம் வரை. உயிர் போய்விட்டால் 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. பழைய 304-ஏ பிரிவில் இரண்டு வருடமாக இருந்த உச்சத் தண்டனை இப்போது ஐந்து வருடம். நான் சொன்ன இவை எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். ஜாமீன் உங்கள் உரிமை. அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால், கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "கூட்டம் கூடிவிட்டது, நின்றிருந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள்" என்று பலர் சொல்வார்கள். சட்டத்துக்கும் நம் ஊர்க் கூட்டத்தைத் தெரியும். கும்பலின் ஆத்திரத்தால் உதவ முடியாமல் போனால் அது குற்றமில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், போகும் வழியிலேயே 108-க்குச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு கெட்ட வழக்கம் ஆளை மாற்றிக் காட்டுவது. முதலாளி ஓட்டியிருப்பார், கேஸ் டிரைவர் பேரில் இருக்கும். மகன் ஓட்டியிருப்பான், அப்பா ஸ்டேஷனில் கையைக் கட்டி நிற்பார். ஊரெல்லாம் கேமரா இருக்கும் காலத்தில் இது ஒரு கேஸை இரண்டாக்கும் வேலை. அந்த மகனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவில் பெற்றோருக்கே மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்ற வாசகம் இல்லாத விபத்து எஃப்.ஐ.ஆரை நான் பார்த்ததில்லை. எழுதுகிறவருக்கு அது கை தானாக எழுதும் வரி. கோர்ட்டுக்கு அது போதாது. கர்நாடகத்தில் ஒரு லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி வேகமாக வந்தது என்பதாலேயே அது அஜாக்கிரதை ஆகிவிடாது. சாட்சிகள் எல்லோரும் வேகம் என்றார்கள். எவ்வளவு வேகத்தை வேகம் என்று நினைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த டிரைவரை விடுதலை செய்தது சரிதான் என்று தீர்ப்பாயிற்று. "ஸ்பீடா வந்துச்சு சார்" என்று சொல்லும் சாட்சி இன்றைக்கும் வருகிறார். அந்த ரோட்டில், அந்த நேரத்தில், நிதானமான டிரைவர் எதைச் செய்திருப்பார், நீங்கள் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

அதை நிரூபிப்பதும் உடைப்பதும் பெரும்பாலும் இரண்டு தாள்கள். ஒன்று, போலீஸார் இடத்தைப் பார்த்துப் போடும் மாதிரி வரைபடம். இன்னொன்று, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்துத் தரும் அறிக்கை. நான்குவழிச் சாலை வழக்கு ஒன்று. சாலையோரமாக நடந்து போனவர் மீது வேன் மோதியது என்று புகார். புகார் கொடுத்தவர் உறவினர், அவர் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மோதிய இடமென்று குறித்திருந்தது நடுத்தடுப்பை ஒட்டிய ஓட்டுத்தடத்தில். சாலையோரம் அங்கிருந்து ஒரு முழுத் தடம் தள்ளி இருந்தது. ஆய்வாளர் அறிக்கையில் சேதம் வேனின் வலதுமுன் மூலையில், ஹெட்லைட் பக்கம். நடுத்தடுப்பில் ஆள் உயரத்துக்கு அரளிச் செடி, நடுவே ஜனங்கள் குறுக்கே போவதற்கென்று ஒடித்து வைத்த ஒரு சந்து. இருட்டில் அந்தச் சந்திலிருந்து அவர் இறங்கியிருக்கிறார். புகாரும் படமும் ஒத்துப்போகவில்லை, டிரைவர் விடுதலை. அந்தக் குடும்பம் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்ப்பார்கள். கிரிமினல் கோர்ட் விடுதலை செய்ததாலேயே அங்கே மனு தள்ளுபடி ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியது. என்னைக் கேட்டால் அது நியாயமும்கூட.

ஆகவே வழக்கு வந்த அன்றே எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். உங்கள் ஃபோனில் இடத்தைப் படமெடுத்து வையுங்கள்: பிரேக் தடம், தெருவிளக்கு எரிந்ததா, வேகத்தடைக்குப் பெயின்ட் இருந்ததா. பக்கத்துப் பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது என்பது நூறு வருடத்துக்கு மேலான சட்டம், புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

கோர்ட்டில் ஒத்துக்கொள்வது அப்படியல்ல. மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். நீங்கள் ஆமாம் என்றால் அதை வைத்தே தண்டிக்கலாம். அதற்குப் பிறகு தண்டனை அதிகம், தண்டனை செல்லாது என்று வேண்டுமானால் அப்பீல் போகலாம். தப்பு என்னுடையதில்லை என்று போக முடியாது. ஆயிரம் ரூபாயோடு முடிந்தது என்று வீட்டுக்கு வருவீர்கள். பிறகு அரசு வேலைக்கு மனுப் போடும்போது, கோர்ட்டில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். நஷ்டஈட்டு வழக்கில் அதே ஒப்புதலின் நகல் எதிர்த்தரப்பின் ஆவணமாக வந்து நிற்கும். இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் பரவாயில்லை. பாலிசி காலாவதியான வண்டியென்றால் அந்தத் தொகை உரிமையாளர் தலையில்தான் விடியும்.

தப்பு உங்கள் பேரில்தான், சிராய்ப்புக் காயம்தான், எதிராளிக்கும் வழக்கில் நாட்டமில்லை என்றால்? அப்போது ஒத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வக்கீலிடம் கேட்டுவிட்டு, தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான். காயத்துக்கான 125-ஆம் பிரிவை அடிபட்டவர் கோர்ட் அனுமதியோடு சமாதானம் செய்துகொள்ளலாம். 281 அந்தப் பட்டியலில் இல்லை, உயிரிழப்புக்கான 106-உம் இல்லை. "குடும்பத்தோடு பேசிப் பணம் கொடுத்துவிட்டோம், கேஸ் முடிந்தது" என்று நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரும். சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடும் நன்னடத்தைச் சட்டத்தில் விட்டுவிடுவார்கள் என்றும் நம்பாதீர்கள். மரணம் நேர்ந்த வழக்குகளில் அந்தச் சலுகை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

லைசென்ஸ் தனி விவகாரம். ஆர்.டி.ஓ. அதை ரத்து செய்யவோ தடை செய்யவோ நினைத்தால் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும். உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்றால் அந்த நோட்டீஸை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள்.

அப்புறம், அடிபட்டவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவினாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது. சாட்சிகளைச் சந்திக்கக்கூடாது என்று ஜாமீனில் நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். எஃப்.ஐ.ஆர். பேச்சை எடுக்காதீர்கள். எழுதி வாங்குவதற்கென்று சட்டைப் பையில் தாள் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நன்றி, வணக்கம்.