பலட் என்றால் வோட்டா?

[காட்சி: திருகோணமலை, டச்பே கடற்கரை, காலை]

வணக்கம். போன கிழமை சாதாரண தரம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டார்: "அக்கா, வோட்டும் பலட்டும் ஒன்றுதானே?" நெருங்கிய சொற்கள்தான், ஆனால் ஒன்றல்ல. வோட் என்பது உங்கள் முடிவு. பலட் என்பது அந்த முடிவை மறைவாகத் தெரிவிக்கிற முறை. கையில் தருகிற வாக்குச்சீட்டுக்கும் அதே பெயர்.

இத்தாலிய மொழியில் 'பல்லோட்டா' என்றால் சின்ன உருண்டை. வெனிஸ் நகரில் உருண்டைகளைப் பெட்டிக்குள் போட்டுத்தான் வாக்களித்தார்கள். பொத்திய கைக்குள் இருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததே அந்தப் பொத்திய கைதான். பிரித்தானியாவில் 1872 வரை, பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தன் தெரிவை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காணிச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அவருடைய குடியானவர் வேறு பெயரைச் சொல்வாரா? அந்த வருடம் வந்த சட்டம்தான் 'சீக்ரெட் பலட்'டை அங்கே கொண்டுவந்தது.

[காட்சி: ஈர மணலில் காகத்தின் கால்தடம்]

இதைப் பாருங்கள். புள் என்றால் பறவை. வாக்குச்சீட்டில் நாம் இடுகிற புள்ளடி இதுதான். எவ்வளவு அழகான சொல்!

சரி, 'ஸ்பொய்ல்ட் பலட்' என்றால்? செல்லாத வாக்குச்சீட்டு. எங்கள் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 4 ஆசனங்கள். ஒரு பட்டியலில் 7 வேட்பாளர்கள். முதலில் ஒரு கட்சிக்குப் புள்ளடி, அப்புறம் அதே பட்டியலில் 3 பேர் வரை விருப்பு வாக்கு. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி போட்டால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும்.

'காஸ்ட் எ பலட்' என்றால் வாக்களிப்பது. பலட் வினைச்சொல்லாகவும் வரும்: 'த யூனியன் பலட்டட் இட்ஸ் மெம்பர்ஸ்'. தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தியது என்று பொருள்.

[காட்சி: பனையோலைத் துண்டுகள், ஒரு குடம்]

இன்னொரு பொருளும் உண்டு, குலுக்கல். விம்பிள்டன் டென்னிஸ் டிக்கெட்டுகளைக் குலுக்கி எடுப்பதும் பலட்தான். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வருகிற குடவோலையை நினைத்துப் பாருங்கள். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அதை வோட் என்று சொல்ல முடியாது. பலட் என்று தாராளமாகச் சொல்லலாம்.