தன் கையே தனக்கு உதவி
(மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் நடந்த மீனவர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

பெருமதிப்பிற்குரிய விசைப்படகு சங்கத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகு அண்ணன்மார்களே, திடலைத் தந்து உதவிய பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஜமாத் பெரியவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய மகளிர் குழுத் தங்கைகளே, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகள் மூக்கைத் திருத்திக்கொள்வது என்றுதான் நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் வனைவது என்று பொருள். புனேயில் மூக்கறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலையே திருப்பிவிட்டு மூக்கு செய்ததை 1794-ல் லண்டன் பத்திரிகை எழுதியது. வெள்ளைக்காரர்கள் நம்மிடம் கற்ற வித்தை இது. அடுத்தவர் தோலை வைத்தால் உடம்பு சில வாரங்களில் தள்ளிவிடும். தன் கையே தனக்கு உதவி என்பார்களே, அதுபோல் தன் தோலே தனக்கு உதவி.

தீக்காயத் தழும்பு, பிள்ளைகளின் உதட்டுப் பிளவு, அறுந்த விரல் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். விரலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த காலம். இந்தக் கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். வலை இழுக்கும் விஞ்சில் ரோப் சுற்றி வலது கட்டைவிரல் போய்விட்டது. கூட வந்த தாய்மாமா மடியில் ஒரு தூக்குவாளி. ஆம்புலன்ஸிலும் யாரிடமும் கொடுக்கவில்லையாம். வாங்கித் திறந்தேன். உப்புத்தண்ணீரும் ஐஸுமாகக் கிடந்ததில் விரல் சுண்ணாம்பாய் வெளுத்து, கல்லாய் விறைத்திருந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசாமல் கையுறையைக் கழற்றினார். அந்த மாமா என்னிடம் கேட்டார்: "ஐஸு பத்தலையாம்மா? இன்னும் ரெண்டு பார் ஒடச்சுப் போட்டிருப்பேனே."

ஐஸ் நேராகப் பட்டதுதான் விரலைக் கெடுத்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

1965-ல் ஜப்பானில் முழுதாய்த் துண்டான கட்டைவிரலையே ஒட்டிவிட்டார்கள். எலும்பைக் கம்பியால் இணைத்து, நரம்பையும் ஒரு மில்லிமீட்டர் பருமன் ரத்தக்குழாயையும் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். ஆனால் விரல் நல்லபடியாக வந்து சேர வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். மஞ்சள், காப்பித்தூள், டீசல் எதுவும் வேண்டாம். விரலை நல்ல தண்ணீரில் அலசி, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஒரு பையில் போட்டு இறுக முடியுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீருமாக இருக்கும் இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடவே கூடாது. விரல் இப்படிக் குளிர்ச்சியில் பல மணி நேரம் தாங்கும். தசையுள்ள கை என்றால் 6 மணி நேரத்துக்குள் போக வேண்டும். மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். அதனால் கரைக்கு வருமுன்னே போன் செய்துவிடுங்கள்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். தீக்காயமும் உதட்டுப் பிளவும் இன்னொரு நாள். தன் கையே தனக்கு உதவி. வலை இழுக்கிற நமக்கு அது வெறும் பழமொழி இல்லை. ஜூன் 14-ல் தடை முடிகிறது. டீசல், ஐஸ், அரிசி ஏற்றும்போது இந்தப் பையும் ஏற வேண்டும். சங்கம் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தலைவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மேடைக்கு இடப்பக்கம் பைகளும் துணியும் வைத்திருக்கிறேன். படகு டிரைவர்கள் நேரில் வாருங்கள். என் முன்னால் ஒருமுறை முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டு வாங்கிப் போங்கள்.