தல்மூத் என்னும் கடலில் ஒரு வரியைத் தேடுவது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யூத சமய நூல்களின் மின்னூலகங்களில் தேடுவதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். எபிரேய வேதம் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டு ரப்பிகளின், அதாவது யூத சமய அறிஞர்களின், தீர்ப்புகள் வரை, ஒரு காலத்தில் பெரும் கல்விக்கூடங்களின் அலமாரிகளில் மட்டுமே கிடைத்த நூல்களை, இன்று எவரும் கைப்பேசியில் கட்டணமின்றித் திறந்து, ஒரு சொல்லை இட்டுத் தேடிவிட முடிகிறது. இந்த மரபில் ஒரு வரி எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பதே புலமையின் பெரும்பகுதியாகப் பல நூற்றாண்டுகள் மதிக்கப்பட்டது. அந்தப் பகுதியைப் பொறியிடம் ஒப்படைத்த பிறகு கற்பவரிடம் எஞ்சும் வேலை எது என்பதே நான் ஆராய விரும்பும் பொருள்.

முதலில் நூற்பரப்பைச் சொல்லிவிடுகிறேன். எபிரேய வேதத்தை அடுத்து, வாய்மொழியாக வழங்கிவந்த சட்டங்கள் பொ.ஆ. 200-ஐ ஒட்டி ரப்பி யெஹூதா ஹநாசியின் கையால் மிஷ்னா என்ற தொகுப்பாயின. அதில் 6 பெரும் பிரிவுகளும், ஏடுகள் எனப்படும் 63 உட்பகுதிகளும் உள்ளன. மிஷ்னாவை வரிவரியாக விவாதித்து, எபிரேயமும் அரமேயமும் கலந்த நடையில் பாபிலோனியக் கல்விக்கூடங்களில் உருவானதே பாபிலோனியத் தல்மூத். அதன்மேல் உரைகள், உரைகளின்மேல் உரைகள், பின்னர் சட்டத் தொகுப்புகள், அவற்றோடு ஊர் ஊராக மக்கள் ரப்பிகளுக்கு எழுதிக் கேட்ட கேள்விகளும் அவர்கள் எழுதிய விடைகளும் என்று இந்த எழுத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அச்சிட்ட தல்மூத் பக்கத்தில் மூலம் நடுவே நிற்கும். ஒருபுறம் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோரின் தோசாஃபோத் என்னும் ஆய்வுரை. மூலமும் உரையுமாகப் பழைய நூல்களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு எளிதில் பிடிபடும்.

1520 முதல் 1523 வரை வெனிஸ் நகரில் டேனியல் பொம்பெர்க் என்னும் கிறிஸ்தவ அச்சாளர் முழுத் தல்மூத்தையும் அச்சிட்டார். அவர் பதிப்பின் தாள் எண்கள் பின்வந்த பதிப்புகளிலும் பின்பற்றப்பட்டதால், ‘பெராகோத் 2அ’, அதாவது பெராகோத் என்னும் ஏட்டின் 2-ஆம் தாளின் முன்பக்கம், என்று சொன்னால் உலகின் எந்த மூலையிலிருக்கும் மாணவரும் அதே பக்கத்தைத் திறப்பார். 1923-இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் ரப்பி மேயிர் ஷபிரோ முன்மொழிந்த, நாளொன்றுக்கு ஒரு தாள் படிக்கும் முறையும் இந்த எண்களையே நம்பி நிற்கிறது. மொத்தம் 2,711 தாள்கள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். மின்னூலகம் வருவதற்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே முகவரி முறை ஒன்று இங்கே உறுதியாகிவிட்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

முகவரி இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு மைமோனிடிஸ் தாமே சாட்சி. அவர் 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்து, யூதச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளில் ‘மிஷ்னே தோரா’ என்ற நூலாக ஒழுங்குபடுத்தினார். எந்தச் சட்டம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அதில் அவர் குறிக்கவில்லை. அதற்காகக் கடும் கண்டனமும் பெற்றார். அலெக்சாந்திரியாவின் நீதிபதி பின்ஹாஸுக்கு அவர் எழுதிய மடலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நீதிபதி ஒருவர் மிஷ்னே தோராவின் கொலைக்குற்றச் சட்டப் பகுதியைக் கையில் எடுத்து வந்து, இந்த வரிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். அது அதற்குரிய இடத்தில்தான் இருக்கும் என்கிறார் மைமோனிடிஸ். வந்தவரோ அங்கெல்லாம் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார். நூலாசிரியரே ஏட்டை எடுத்துத் தேடுகிறார், அவருக்கும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் புறப்பட்டுச் சென்ற பிறகுதான் நினைவு வருகிறது. ஆளனுப்பி அவரைத் திரும்ப அழைத்து, கொலைக்குற்றத்தோடு நேரடித் தொடர்பில்லாத வேறோர் ஏட்டில், பேச்சோடு பேச்சாக வந்திருந்த அந்த வரியைக் காட்டுகிறார். எழுதிய தமக்கே இந்த நிலை என்றால் பிறர் என்ன செய்வார்கள் என்று வருந்தி, ஆதாரங்களைத் தனி நூலாகத் தர எண்ணியதையும் அதே மடலில் சொல்கிறார். அத்தகைய நூல் ஏதும் அவரிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் யோசேஃப் காரோ உள்ளிட்ட உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆதாரங்களைத் தேடித் தேடி எழுதினார்கள்.

தல்மூத்தின் பேச்சு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே செல்வது. திருமணச் சட்டத்தின் நடுவே மருத்துவக் குறிப்பு வரும், வழிபாட்டின் நடுவே கதை வரும். ஆகவே தலைப்பை வைத்து எதையும் கண்டடைய முடியாது. 15-ஆம் நூற்றாண்டிலேயே ஐசக் நாதான் என்பவர் எபிரேய வேதத்துக்குச் சொல்லடைவு தொகுத்தார். தல்மூத்துக்கு அப்படி எளிதில் அமையவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில் யோசுவா போவாஸ் என்ற அறிஞர், தல்மூத் பக்கத்தின் ஓரத்திலேயே, இந்தக் கருத்து எந்தச் சட்டத் தொகுப்பில் எந்த இடத்தில் தீர்ப்பாக முடிந்தது என்றும், இதே வரி வேறெந்த ஏட்டில் வருகிறது என்றும் குறியிட்டார். இன்றைய இணைப்பிகளின் வேலையை அந்தச் சிறிய எழுத்துக் குறிப்புகள் செய்தன. இந்த வரலாற்றில் நான் மிகவும் போற்றும் மனிதர் அவரே. தம் கருத்தென்று ஒரு சொல்லும் சேர்க்காமல், பிறர் எழுதியதைப் பிறர் எழுதியதோடு இணைப்பதற்காகவே அத்தனை உழைப்பையும் அவர் செலவிட்டார்.

மறுபக்கம் மனப்பாடம். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1917-இல் வெளியிட்ட கட்டுரையில், போலந்தின் சில தல்மூத் அறிஞர்களைப் பற்றிய சாட்சியங்களைப் பதிவு செய்தார். ஒரு பக்கத்தின் ஒரு சொல்மீது ஊசியைக் குத்தினால், அது பின்னுள்ள தாள்களில் எந்தெந்தச் சொற்களைத் துளைத்திருக்கும் என்று அவர்கள் சொல்வார்களாம். பக்கம் முழுவதும் படமாகவே நினைவில் பதிந்திருந்தது என்று பொருள். இத்தகைய நினைவாற்றல் பொருளறிவோடு சேர்ந்தே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்றும் அக்கட்டுரை கவனித்திருக்கிறது.

கணினி இந்தத் துறைக்கு வந்தது 1963-இல். இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் கணிதவியலாளர் அவியெஸ்ரி ஃபிரேங்கல், ரப்பிகளின் வினாவிடை நூல்களைக் கணினியில் ஏற்றித் தேடும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது பார்-இலான் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, யாக்கோவ் ஷுவேக்காவின் தலைமையில் விரிந்தது. 2007-இல் அத்திட்டத்துக்கு இஸ்ரேல் பரிசும் கிடைத்தது. இணையத்தேடல் என்ற எண்ணமே பிறக்காத நாளில், நூலின் முழுப்பாடத்துக்குள்ளும் தேடுவதற்கு வழிகண்ட முன்னோடிகள் இவர்கள்.

அவர்கள் எதிர்கொண்ட தடை மொழியிலேயே இருந்தது. எபிரேய எழுத்தில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஷின், லாமெத், மேம் என்ற மூன்று மெய்யெழுத்துகள் நின்றால், முழுமையான என்ற பொருள் தரும் ‘ஷாலேம்’ என்றும் படிக்கலாம், செலுத்தினான் என்ற பொருள் தரும் ‘ஷிலேம்’ என்றும் படிக்கலாம். உம்மைப்பொருள், சுட்டு, இல், கு, இருந்து ஆகியவற்றுக்கு உரிய எழுத்துகள் சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான வடிவங்கள் அமையலாம். ஆகவே எழுத்துக்கோவையை மட்டும் ஒப்பிடும் தேடல் பாதியைத் தவறவிடும், அல்லது தேவையற்றவற்றைக் குவிக்கும். சொல்லைப் பகுத்து வேரை அறியும் இலக்கணக் கருவியை அவர்கள் அமைத்தது இதனால்தான். இதற்கு மேல் சுருக்கெழுத்து. ஆலெஃப் என்ற எழுத்து இருமுறை வந்து நடுவே சுருக்கக் குறி இருந்தால், அது ‘நம் தந்தை ஆபிரகாம்’ ஆகலாம், ‘இயலாது’ ஆகலாம், ‘பிறன் மனைவி’யும் ஆகலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டியவர் படிப்பவரே.

இன்று பரவலாகப் பயன்படும் செஃபாரியா, 2011-இல் எழுத்தாளர் ஜோஷுவா ஃபோயரும் முன்பு கூகுளில் பணியாற்றிய பிரெட் லாக்ஸ்பைசரும் தொடங்கிய இலாபநோக்கற்ற நூலகம். அதன் நிரலும் நூற்பாடத்தில் பெரும்பகுதியும் எவரும் எடுத்தாளும் வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ளன. தேடல் பெட்டியைவிட மதிப்புடையதாக நான் கருதுவது அதன் பக்கப்பலகை. ஒரு வசனத்தைத் தொட்டால், அதை மேற்கோள் காட்டிய தல்மூத் பகுதி, ராஷியின் உரை, மைமோனிடிஸின் சட்டம், பிற்காலத் தீர்ப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. யோசுவா போவாஸின் ஓரக்குறிப்பு அங்கே பெருகி வளர்ந்திருக்கிறது. தேடல் விடைகளை நூல்வகைப்படி வடிகட்டலாம், கால வரிசையிலும் அடுக்கலாம். காலவரிசையையே முதலில் தேர்ந்தெடுக்குமாறு புதியவர்களுக்குச் சொல்வேன். ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கே திரும்பியது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மொழிபெயர்ப்பில் தேடுவது முதலாவது. ரப்பி அதின் ஸ்டைன்சால்ட்ஸின் தல்மூத் பதிப்பு 2017 முதல் செஃபாரியாவில் திறந்த உரிமத்தோடு கிடைக்கிறது. தல்மூத்தின் சுருக்கமான நடைக்குள் நுழைய முடியாதிருந்த எண்ணற்றோருக்கு அது வாசலைத் திறந்தது. அதன் ஆங்கிலப் பாடத்தில் மூலத்தின் நேர்ப்பொருள் தடித்த எழுத்திலும், விளங்குவதற்காகச் சேர்த்த தொடர்கள் சாதாரண எழுத்திலும் அமைந்திருக்கும். நாம் தேடிய சொல் சாதாரண எழுத்தில் அகப்பட்டால் அது உரைகாரரின் சொல்; தல்மூத் சொல்கிறது என்று அதை மேற்கோள் காட்டக் கூடாது. இந்த வேறுபாட்டைக் காணாமல் எழுதப்படும் கட்டுரைகள் பெருகிவருவது கவலை தருகிறது.

இரண்டாவது, தணிக்கை. 1242-இல் பாரிஸில் தல்மூத் ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. 1553-இல் ரோமில் மீண்டும் எரித்தார்கள். அதன்பின் வந்த பதிப்புகளில் பிற இனத்தார், மதமறுப்பாளர் ஆகியோரைக் குறிக்கும் சொற்கள் மாற்றப்பட்டன, சில பத்திகள் நீக்கப்பட்டன. 1578 முதல் 1581 வரை பாசெல் நகரில் அச்சான பதிப்பில் அயல்வழிபாடு பற்றிய ஏடு முழுவதுமே விடுபட்டது. இன்று பரவலாக வழங்கும் 19-ஆம் நூற்றாண்டு வில்னா அச்சிலும் அந்தத் தழும்புகள் உண்டு. அந்தப் பாடத்தில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காவிட்டால், பழைய அறிஞர்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று முடிவுகட்ட முடியாது. 1342-இல் எழுதி முடித்த மியூனிக் கையெழுத்துப்படியையும் பிற படிகளையும் அருகருகே வைத்துக் காட்டும் ஃபிரீட்பெர்க் அமைப்பின் தளத்தில் ஒப்பிட்ட பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி, தேடுபவருக்கு எஞ்சும் வேலைக்கு வருகிறேன். சபாத் என்னும் வாராந்திர ஓய்வுநாளில் மின்விளக்கை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். மின்சாரம் என்று தேடினால் தல்மூத்தில் ஒன்றும் கிடைக்காது. ஓய்வுநாளில் விலக்கிய 39 வேலைவகைகளை மிஷ்னா சொல்கிறது. அவற்றில் எதனுள் மின்சாரம் அடங்கும் என்பதே கேள்வி. இழை சிவந்து ஒளிர்வதால் அது தீமூட்டல் என்றனர் பலர். மின்சுற்றை மூடுவது ஒன்றைக் கட்டி உருவாக்குவது போன்றது என்றார் ஹசோன் ஈஷ் என்று அறியப்பட்ட ரப்பி அவ்ராஹாம் கரேலிட்ஸ். அவருக்கு முன்பே லெம்பெர்க் நகரின் ரப்பி ஐசக் ஷ்மெல்கெஸ் வேறொரு திசையில் சென்றார். பண்டிகை நாளில் ஆடையில் நறுமணம் ஏற்றுவது புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பதாகும் என்று பேட்ஸா ஏட்டில் வரும் வரியை எடுத்து, மின்னோட்டத்தைப் பிறப்பிப்பதும் அத்தகையதே என்று வாதிட்டார். நறுமணத்துக்கும் மின்சாரத்துக்கும் எழுத்தளவில் ஒரு தொடர்பும் இல்லை. எந்தச் சொல்தேடலும் முதன்முறையாக அந்த வரியிடம் அவரைக் கொண்டு சேர்த்திராது. அவர் அந்த ஏட்டைப் படித்துத் தம்முள் வைத்திருந்ததால் அது தோன்றியது. அவர் எழுதிவைத்த பிறகு அந்தத் தொடர்பு மேற்கோளாகி, பிறர் எடுத்தாண்டு, இன்று பொறியும் கண்டெடுக்கிறது. முதல் இணைப்பை ஒரு மனிதர் படித்து உண்டாக்கியாக வேண்டும்.

ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் இல்லங்களில் அந்த 25 மணி நேரமும் கைப்பேசி தொடப்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். படிப்பதற்கு மிகுந்த ஓய்வு கிடைக்கும் அந்த நாளில் அச்சுப் புத்தகமும் நினைவும் உடன் படிப்பவருமே துணை. இருவர் எதிரெதிரே அமர்ந்து உரக்க வாதிட்டுப் படிக்கும் ஹவ்ரூதா முறை இன்றும் குறையாமல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

தேடலுக்கு இன்னும் எட்டாத பகுதியும் பெரிது. பல்லாயிரம் பழைய அச்சுநூல்கள் பக்கப்படங்களாக மட்டுமே ஏற்றப்பட்டுள்ளன. உரைகளை அச்சிடப் பயன்பட்ட ராஷி எழுத்து வடிவத்தைப் பொறி பிழையின்றி வாசிப்பது கடினமாகவே இருந்துவந்தது. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் குவிந்து கிடந்த பழைய தாள்களை சாலமன் ஷெக்டர் 1896–97-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார்; அங்கே மட்டும் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. மற்றவை பல நாடுகளில் சிதறியிருக்கின்றன. ஒரே தாளின் ஒரு பாதி ஒரு நகரிலும் மறுபாதி இன்னொரு நகரிலும் இருக்கலாம். பார்-இலான் திட்டத்தை நடத்திய அதே ஷுவேக்காதான் பிற்காலத்தில் இந்தத் துண்டுகளைக் கணினிமயமாக்கும் ஃபிரீட்பெர்க் திட்டத்துக்கும் பொறுப்பேற்றார். கையெழுத்தின் சாயலையும் வரிகளின் இடைவெளியையும் தாளின் அளவையும் ஒப்பிட்டு, இந்த இரண்டும் ஒரே ஏட்டைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்று அங்கே கணினி முன்மொழிகிறது. அந்த இரண்டையும் எடுத்துப் படித்து, வாக்கியம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்கிறதா என்று அறிஞர் ஒருவர் பார்த்துத் தீர்மானிக்கிறார்.