உத்ரெக்ட்: ரயிலடியிலிருந்து நகருக்குள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். நெதர்லாந்துக்குச் செல்பவர்கள் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. நகரமைப்பு படிக்கச் சென்று நான் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த உத்ரெக்ட் நகரம் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில்தான் உள்ளது. ஒரு நகருக்குள் மக்கள் எப்படிப் போய்வர வேண்டும் என்று ஆழ்ந்து யோசித்த ஊர் அது. அங்கே போய்ச் சேர்வதையும் ஊருக்குள் சுற்றுவதையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நாட்டின் நடுவில் அமைந்திருப்பதால் நான்கு திசை இருப்புப் பாதைகளும் உத்ரெக்டில்தான் கூடுகின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து முதல் ரயில் இங்கே வந்தது 1843 இல். இன்று உத்ரெக்ட் மத்திய நிலையமே நெதர்லாந்தில் மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குபவர்கள் வெளியே வந்து வண்டி தேட வேண்டியதில்லை. முனையத்துக்கு நேர் கீழே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து உத்ரெக்டுக்கு நேரடி ரயில்கள் உண்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட் பக்கமிருந்து வரும் விரைவு ரயில்களும் இங்கே நின்று செல்கின்றன.

பயணச்சீட்டு குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 முதல் நாடு முழுவதும் ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே கருவியில் காட்டி ஏறலாம். ஏறும்போது காட்டியது போலவே இறங்கும்போதும் அதே அட்டையைக் காட்டியாக வேண்டும். முதல் வாரத்தில் நான் அதை மறந்து, சென்ற தூரத்துக்கு உரியதைவிடப் பல மடங்கு கட்டணம் செலுத்த நேர்ந்தது.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகருக்குப் போக எந்த வாகனமும் தேவையில்லை. 112 மீட்டர் உயரமுள்ள டோம் தேவாலயக் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு நடந்தால் சிறிது நேரத்தில் ஔட கிராக்ட் கால்வாய்க் கரைக்கு வந்துவிடலாம். அந்தக் கரையோரத் தெருவுக்கு அடியிலேயே பழங்காலச் சரக்கறைகள் இருப்பதால் கனமான லாரிகளை அது தாங்காது. அதனால் கரையோர உணவகங்களுக்கு வேண்டிய சரக்குகளில் ஒரு பகுதியை நகராட்சியே படகில் கொண்டு சேர்க்கிறது. 2010 முதல் அதற்கு மின்கலப் படகு ஓடுகிறது. பழைய நகரின் பலவீனத்தை இடித்துச் சரிசெய்யாமல், அதற்கு ஏற்றபடி போக்குவரத்தை மாற்றிக்கொண்ட அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி மிதிவண்டிக்கு வருகிறேன். மத்திய நிலையத்தின் சதுக்கத்துக்கு அடியில் மூன்று தளங்களில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்த இடம் இருக்கிறது. 2017 இல் ஒரு பகுதி திறக்கப்பட்டு 2019 இல் முழுமையடைந்த இது, உலகிலேயே மிகப் பெரிய மிதிவண்டி நிறுத்தகம் என்று பெயர் பெற்றது. வண்டியை விட்டு இறங்காமல் தெருவிலிருந்து ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம், எந்த வரிசையில் இடம் காலியாக உள்ளது என்பதைப் பலகைகள் காட்டும், முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, படியேறினால் ரயில். வீட்டிலிருந்து மிதிவண்டி, பிறகு ரயில், இறங்கிய ஊரில் மறுபடியும் மிதிவண்டி என்று பயணத்தை ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். நிலையங்களில் கிடைக்கும் ரயில்வே வாடகை மிதிவண்டி பெரும்பாலும் அந்நாட்டில் குடியிருப்பவர்களுக்கே பயன்படும். விருந்தினர்கள் நகரிலுள்ள வாடகைக் கடைகளை நாடுவது நல்லது.

நம் ஊர் சைக்கிளில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே பல மிதிவண்டிகளில் கையால் பிடிக்கும் பிரேக் இருக்காது, மிதியைப் பின்னோக்கி அழுத்தினால்தான் வண்டி நிற்கும். சிவப்பு நிறத் தடம் மிதிவண்டிக்கு உரியது. சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக உங்களை நோக்கியிருந்தால் குறுக்கே வருபவருக்கு வழிவிட வேண்டும்; எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. இரவில் விளக்கு கட்டாயம். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது 2019 ஜூலை முதல் குற்றம்.

ஓட்ட விரும்பாதவர்கள், மத்திய நிலையத்திலிருந்து நகரின் கிழக்கிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு 2019 டிசம்பரில் தொடங்கிய டிராமில் போகலாம். காரில் வருபவர்கள் அதை நகரின் ஓரத்து நிறுத்தகங்களில் விட்டுவிட்டு டிராமிலோ பேருந்திலோ உள்ளே வரலாம்.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை நேயர்கள் அறிய வேண்டும். 1971 இல் மட்டும் நெதர்லாந்தின் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதே காலத்தில்தான் உத்ரெக்ட் நகரம், பழைய ஊரைச் சூழ்ந்திருந்த கத்தரைனசிங்கல் அகழியின் ஒரு பகுதியிலிருந்து தண்ணீரை இறைத்துவிட்டு, அங்கே பலவழி மோட்டார் சாலையைப் போட்டது. அந்தச் சாலையை அகற்றிவிட்டு அகழியை மீட்கும் திட்டத்தை 2002 இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் வேலை நடந்தது. 2020 செப்டம்பரில் கடைசிப் பகுதியிலும் தண்ணீர் திரும்பியது. ஒரு காலத்தில் கார்கள் விரைந்த பள்ளத்தில் இப்போது சிறு படகில் அமர்ந்து, பழைய நகரை முழு வட்டமாகச் சுற்றி வரலாம். வணக்கம்.